பில் வராத சாப்பாடு

1

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த நோட்டை வாங்கினேன். ஐந்து வாரம் போய்விட்டது. கோபம் அப்படியே இருக்கிறது. ஆகையால் அவசரமில்லாமல், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

திருத்தணியிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இதைப் போய் வெளிநாட்டு வாழ்க்கை என்று எழுதினால், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பஸ் போர்டைப் படிக்க முடியாத இடம் எனக்கு வெளிநாடுதான். எங்கள் பேட்டைக்குப் போகும் சிட்டி பஸ்ஸை இன்றைக்கும் கண்டக்டரின் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்து ஏறுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். பெயின்டர். திருப்பதியில் லாட்ஜுகள் இருக்கும்வரை எனக்கு வேலை இருக்கும். மேல்மாடியை முடித்துவிட்டுக் கீழே இறங்கினால், அதற்குள் கீழ்மாடிச் சுவரில் யாராவது ஈரத் தலையைச் சாய்த்து உட்கார்ந்த அடையாளம் இருக்கும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்ததெல்லாம் வேலை செய்யும் இடத்தில் தரையில் விரிக்கிற பழைய தமிழ்ப் பேப்பரில் படித்ததுதான்.

நானும் என் மனைவி மல்லிகாவும் எங்கள் ஒரே மகள் ஹேமாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இந்த ஊரில் வந்து இறங்கி இருபத்து மூன்று வருடம் ஆகிறது. வந்த நாளை மல்லிகா மறப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் அன்றைக்குப் பாயசம் வைப்பாள். இந்த வருடம் ஹேமா தடுத்தாள். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன்.

"வீட்ல வேணாம் நைனா. ரேணிகுண்டா ரோட்ல புதுசா ஒரு ரெஸ்டாரண்ட் தொறந்துக்கிறாங்க. எல்லாரும் போய்க்கினு இருக்காங்க. நம்மளும் போலாம்."

"இன்னா ரெஸ்டாரண்ட்?"

"வீகன்."

"அப்டீன்னா?"

"பால் கிடையாது, தயிர் கிடையாது, நெய் கிடையாது. தேன் கூட கிடையாது."

"கறி?"

"கறி எப்டி நைனா இருக்கும்!"

"அப்போ இலையில இன்னாதான் வைப்பாங்க?"

"வந்து பாரேன்."

மல்லிகா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சாப்பிடப் போவதற்குப் பட்டா என்று கேட்டேன். பெரிய இடத்துக்குப் பின்னே நைட்டியிலா போவார்கள் என்றாள். எனக்கும் இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைக் கட்டிலில் எடுத்து வைத்திருந்தாள். அதன் மேல்பையில் என் பணத்தை வைத்துக்கொண்டேன். ஒரு லாட்ஜ் வேலைக்கு அன்றுதான் கூலி வந்திருந்தது.

2

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

நான் பேச மாட்டேன். ஊரில் இருந்தபோதும் அப்படித்தான். இங்கே வந்தபிறகு பாஷையும் சேர்ந்துகொண்டது. தெலுங்கு எனக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால், எதிரில் இருப்பவர் நான் முடிப்பதற்குள் முடிவு செய்துவிடுவார். அதனால் தலையை ஆட்டிவிடுவேன்.

வந்த புதிதில் ரேஷன் கார்டு வாங்க ஒரு ஆபீசுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "இன்டி பேரு?" என்றார். இங்கே எல்லோருக்கும் சொந்தப் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர் ஒன்று உண்டு. பரம்பரையாக வருவது. நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஊரு?" என்றார். திருத்தணி என்றேன். வீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதை எழுதிவிட்டு, சரிதானே என்பதுபோல் பார்த்தார். தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து நான் திருத்தணி ஏகாம்பரம். மல்லிகா திருத்தணி மல்லிகா. பள்ளிக்கூடச் சான்றிதழில் என் மகள் திருத்தணி ஹேமாவதி. அதை மாற்ற மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் வேறொரு பேப்பர் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று முறையும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

வேலையிலும் அப்படித்தான். மூன்று கோட் அடிக்க வேண்டிய சுவருக்கு மேஸ்திரி இரண்டு போதும் என்பார். ஆறு மாதத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டுவேன். ஆறு மாதம் கழித்து, யார் அடித்தது என்று கேட்டால் என்னைக் காட்டுவார்.

வீட்டில் ஹேமா எந்தக் காலேஜ், என்ன படிப்பு என்று கேட்டபோதெல்லாம், "அம்மாவைக் கேளு" என்றேன். அவள் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். தெலுங்கில் தொடங்கி இங்கிலீஷில் முடித்தாள். தமிழில் அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. இந்த நோட்டு மேஜையில் திறந்துதான் கிடக்கிறது. அவள் அதன்மேல் தன் போனை வைத்துவிட்டுப் போகிறாள்.

பேசாதவனை வைத்துக்கொண்டு எல்லோரும் வசதியாக வாழ்ந்துவிடலாம். அவன் எதற்கும் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்ளலாம்.

3

ரெஸ்டாரண்டில் என் கண்ணில் முதலில் பட்டது சுவர். பட்டி பார்க்காமல், ப்ரைமர் அடிக்காமல், சிமென்ட் பூசிய மறுநாள் இருப்பதுபோல் இருந்தது. பணம் போதாமல் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று பக்கத்தில் போய் விரலால் தேய்த்துப் பார்த்தேன். பெயின்ட். பெயின்டே அடிக்காத மாதிரி தெரிவதற்காக மூன்று கோட் அடித்திருக்கிறார்கள். எவனோ நல்ல வேலைக்காரன். மேஸ்திரி பேச்சைக் கேட்காதவன்.

தலையில் இடிக்கும் உயரத்தில் விளக்குகள் தொங்கின. ஜனங்கள் கிசுகிசுவென்று பேசினார்கள். மெனு அட்டை கிடையாது. மேஜையில் ஒட்டியிருந்த கட்டத்தைப் போனில் காட்டினால் அதில் எல்லாம் வருமாம். இங்கிலீஷில். விலை என்ன என்று நான் பார்க்கக்கூட முடியவில்லை. ஹேமாவே பார்த்துச் சொன்னாள்.

பரிமாற வந்த பையன் தாடி வைத்திருந்தான். கழுத்திலிருந்து முழங்கால் வரை பழுப்பு நிறத் துணி கட்டியிருந்தான். என்னிடம் தமிழில் பேசினான். கொஞ்சம் தெலுங்கு வாடை அடிக்கும் தமிழ்.

"சார், காரம் எப்டி? நம்ம வீட்டு மாதிரியா, இல்ல கம்மியா?"

நம்ம வீட்டு மாதிரி என்பதுபோல் தலையை ஆட்டினேன். மற்ற மேஜைகளுக்குக் கறுப்புச் சட்டைக்காரர்கள் பரிமாறினார்கள். எங்களுக்கு மட்டும் இவன். தமிழ் தெரிந்தவனாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள், நல்ல இடம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வாழைப்பூ வடை வந்தது. ஒரு பெரிய தட்டின் ஓரத்தில் மூன்றே மூன்று. அப்புறம் கேழ்வரகுக் களி, வேர்க்கடலை போட்டுக் கடைந்த கீரையோடு. களி எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது. நான் அதைப் பார்த்த பார்வையை அந்தப் பையன் பார்த்துவிட்டான். உள்ளே போய், வீட்டில் மல்லிகா உருட்டுகிற அளவுக்கு ஒரு உருண்டை கொண்டுவந்து வைத்தான். "ஸ்பூன் வேணாம் சார், கையாலயே துன்னுங்க," என்றான். பலாக்காய் பிரியாணி வந்தது. நார் நாராக, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஆட்டுக்கறி என்றுதான் சொல்வீர்கள். கடைசியில் தயிர் சாதம்.

"தயிர் கெடையாதுன்னியே?" என்று ஹேமாவைக் கேட்டேன்.

பையன்தான் பதில் சொன்னான். "பால் தயிர் இல்ல சார். முந்திரியும் வேர்க்கடலையும் ஊற வெச்சு அரைச்சு, பச்சமொளகாக் காம்பு போட்டுப் புளிக்க வெக்கிறது. ராத்திரி போட்டா காலையில தயிரு."

"மொளகாக் காம்புலயா?"

"ஆமா சார். நானே போட்டது. இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?"

வைத்தான். சாப்பிட்டேன். நன்றாக இல்லை என்று எழுதினால் என் கோபத்துக்குச் சௌகரியமாக இருக்கும். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மல்லிகாவும் ஹேமாவும் என்னைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்து, காற்றில் எழுதிக்காட்டி பில் கேட்டேன். பையன் சிரித்துவிட்டு உள்ளே போனான். பில் வரவில்லை. ஒரு கறுப்புச் சட்டைக்காரரிடம் கேட்டேன். அவரும் சிரித்தார். மூலை மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்த வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் எழுந்து வந்து, என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா சம்மந்தி, சாப்பாடு எப்டி? மோர் இல்லாம ஒங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்குமே. நானே தெனம் வீட்டுக்குப் போய்தான் ஊத்திக்கிறேன். இவன்கிட்ட சொல்லிடாதீங்க."

யாரையோ நினைத்துக்கொண்டு என்னிடம் பேசுகிறார் என்று எழுந்து நின்றேன்.

"கூச்சோண்டி, கூச்சோண்டி," என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நான் முனிரத்னம். சித்தூரு. மாங்கா ஜூஸ் ஃபாக்டரி. சரணோட நைனா. பாப்பா எல்லாம் சொல்லியிருக்குமே."

நான் ஹேமாவைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பார்த்தாள். பழுப்புத் துணி கட்டிய பையன் சமையலறை வாசலில் நின்றான். அவன்தான் சரண்.

"ரெண்டு பேரும் காலேஜ்ல இருந்தே பழக்கம்," என்றார் முனிரத்னம். "நான் வேற மாதிரி யோசிச்சேன், பொய் சொல்லக் கூடாது. இவன் ஒத்துக்கல. சரின்னுட்டேன். இது அவனுக்குன்னு வெச்சுக் குடுத்த கடை. நம்ம வீடு மாதிரிதான். நம்ம வீட்டு சோத்துல கை நனைச்சிட்டீங்க. இனிமே இன்னா, முகூர்த்தம் பாக்க வேண்டியதுதான்."

4

நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெண் பார்க்க, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் காபி குடிப்பார்கள், பிஸ்கட் எடுத்துக்கொள்வார்கள். சோறு சாப்பிட மாட்டார்கள். மனதுக்குப் பிடித்து, சரி என்று முடிவான பிறகுதான் அந்த வீட்டில் இலையின்முன் உட்காருவார்கள். கை நனைத்துவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். சித்தூர்ப் பக்கமும் இதே வழக்கம்தான். முனிரத்னத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

என் அக்காவுக்கு முதலில் பொதட்டூர்பேட்டையில் ஒரு இடம் வந்தது. அப்பா போனார், கூட நானும் போனேன். அவர்கள் முந்திக்கொண்டு இலை போட்டுவிட்டார்கள். சோறும் விழுந்துவிட்டது. அதற்குள் மாப்பிள்ளைப் பையன், வீட்டு வேலைக்காரியிடம் கேவலமாகப் பேசிய பேச்சு அப்பாவின் காதில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டார். பின்னால் கத்தினார்கள். நாங்கள் பசியோடு அடுத்த ஊர் வரை நடந்து வந்து பஸ் ஏறினோம். அதற்குப் பிறகு யாரும் அப்பாவிடம் காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்கள் ஆட்களுக்குப் பேச வராது. சாப்பிடாமல் எழுந்திருக்க வரும். சாப்பிட்டால் சம்மதம், எழுந்தால் இல்லை. வாய் வராதவனுக்கு இருக்கிற ஒரே பேச்சு அது. அதைத்தான் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். என் மனைவியும் என் மகளும் சேர்ந்து, ஓட்டல் என்று சொல்லிக் கூட்டிவந்து, எனக்குத் தெரியாமலே என் கையை நனைத்துவிட்டார்கள். நான் இரண்டாம் முறை வேறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

5

"பில் கொண்டாங்க," என்றேன்.

முனிரத்னம் பெரிதாகச் சிரித்தார். "சம்மந்திகிட்ட யாராவது பில் வாங்குவாங்களா?"

"பில் கொண்டாங்க."

மல்லிகா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். "ஏங்க, இன்னா இது, சும்மா இருங்க."

நான் எழுந்து நின்று மூன்றாம் முறை சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது, அந்தக் கிசுகிசுப்பு முழுவதும் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. அவ்வளவு பெரிய சத்தம் என்னிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. எல்லா மேஜையும் திரும்பிப் பார்த்தது.

"நைனா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இது ஓட்டலா, இவங்க வீடா? நீ இன்னா சொல்லிக் கூட்டினு வந்தே?"

ஹேமாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அவளும் விடவில்லை. "கேட்டிருந்தா நீ இன்னா சொல்லியிருப்பே? அம்மாவைக் கேளுன்னுவே. சொல்லிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கினு வேலைக்குப் போய்டுவே. என்னைக்காவது எனக்கு ஒரு பதில் சொல்லிக்கிறியா நீ?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால் என் கோபம் இரண்டு பங்கானது.

முனிரத்னத்தின் முகம் மாறிவிட்டது. "இத்தினி பேர் முன்னாடி என்னை அவமானம் பண்றீங்க. கடை தொறந்து பத்து நாள்தான் ஆச்சு."

"உங்களை நான் ஒண்ணும் பண்ணல. ஓட்டல்னு சொன்னாங்க, வந்தேன். ஓட்டல்ல துன்னா காசு குடுக்கணும். குடுத்துட்டு போறேன்."

"காசு வாங்கினா உறவு இல்லன்னு ஆயிடும். நான் வாங்க மாட்டேன்."

"அதான் குடுக்கறேன்."

இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அவர் கறுப்புச் சட்டைக்காரர்களைப் பார்த்து, எவனாவது பில் போட்டால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று தெலுங்கில் சொன்னார். யாரும் அசையவில்லை. மல்லிகா பட்டுப்புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அதுவரை என் வாழ்க்கையில் ஒரு இடத்திலும் அவ்வளவு நேரம் எல்லோரும் பார்க்க நின்றதில்லை. ஆனால் உட்காரவில்லை.

சரண் கவுன்டருக்குப் போனான். மெஷினில் தானே தட்டினான்.

"ரேய், வத்துரா," என்றார் அவன் அப்பா. வேண்டாமடா என்று.

அவன் பில்லைக் கிழித்து, ஒரு சின்ன மரத்தட்டில் வைத்து, என் முன்னால் கொண்டுவந்து வைத்தான். "பாத்துக்குங்க சார். எதையும் கொறைக்கல."

வரிசையாகப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, எண்கள் தெரியும். எது எதற்கு என்று அவன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொன்னான். இரண்டாவது தயிர் சாதம்கூட இருந்தது. பெரிய களி உருண்டைக்குத் தனியாக ஒரு வரி இருந்தது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மீதியை அவன் எண்ணிக் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆட்டோவைத் தேடி ரோட்டோரம் நின்றபோது அவன் பின்னால் வந்தான். அந்தப் பழுப்புத் துணியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தான்.

"சார், உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டதா ஹேமா சொன்னா. நீங்க சம்மதிச்சுதான் வர்றீங்கன்னு நெனச்சேன். அதான் வேற ஆளை விடாம நானே போட்டேன். தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

அவன் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. சார் என்றான். அன்றைக்கு அந்த இடத்தில் எதையும் தானாக எடுத்துக்கொள்ளாத ஆள் அவன் ஒருவன்தான். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வழக்கம்போல் வாய் வரவில்லை. ஆட்டோ வந்துவிட்டது.

6

வீட்டுக்கு வந்ததும் மல்லிகா ஆரம்பித்தாள்.

"அம்மா இல்லாத பையன். குடி கெடையாது. பால் கூட குடிக்க மாட்டான். அந்தப் பையன்கிட்ட இன்னா கொறயக் கண்டீங்க?"

"கொற அவன்கிட்ட இல்ல."

"பின்ன?"

"என்னைக் கேக்கலியே."

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

"இனிமே அது எனக்கே தெரியாது. அதுக்குத்தான் கோவம்."

அவளுக்கு இது விளங்கவில்லை. நல்ல இடம் என்றால் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்கிறாள். என் பெயருக்கு முன்னால் திருத்தணியை எழுதியவரும் நல்லதுக்குத்தான் எழுதியிருப்பார். என் வேலை முடியட்டும் என்றுதான் எழுதியிருப்பார்.

மறுநாள் திருத்தணியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து அப்பா எழுந்து வந்தது இவளுக்காகத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கை நனைச்சிட்டியாடா?" என்றாள்.

"காசு குடுத்துட்டேன்."

"காசு குடுத்தா துன்னது வெளிய வந்துடுமா?"

"அக்கா!"

"சரி, பில்லுல கையெழுத்து போட்டு வாங்கினியா? நாளைக்கு ஆதாரம் வேணும்னா?"

என் கோபம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்து முடித்துவிட்டு, "பையன் எப்டி?" என்று கேட்டாள். நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சரி, சாப்பாடு எப்டி?"

"நல்லா இருந்துச்சு."

"ஏகாம்பரம், நீ ஒரு கேள்விக்காவது பதில் சொன்னியே, அதுவே பெருசு. ஒண்ணு சொல்றேன் கேளு. நைனா அன்னைக்கு எழுந்து வந்தாரே, ஊரே மெச்சிச்சு. அந்த எடம் வேணுமா வேணாமான்னு என்னை யாராவது கேட்டாங்களா? வீட்டுல நானும் ஒரு ஆள் இருந்தேன்டா."

போனை வைத்துவிட்டாள். அது எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றவே இல்லை. அன்றைக்கு முழுவதும் அக்காவின்மீதும் கோபமாக இருந்தேன்.

ஹேமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நானும்தான். ஒரே வீட்டில் மூன்று பேர், நடுவில் மல்லிகா. "அவரை டிபன் துன்னச் சொல்லு." "அவகிட்ட லேட்டாவுதுன்னு சொல்லு." நாலு வாரம் இப்படியே போனது. சித்தூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்று மல்லிகா அழுதாள். யார் நிறுத்தியது என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

என் மகளின் வாழ்க்கை என் ஒரு சொல்லில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை நானாகப் போய்க் கொடுக்க மாட்டேன் என்று இருந்தேன். பிடிவாதம்தான். ஆனால் என்னை யாரும் கேட்காமலே கொடுத்தால் அதுவும் ஒரு தலையாட்டல்தான்.

7

முந்தாநாள், வியாழக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் இரண்டாம் மாடி வராந்தாவுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டூல் மேல் நின்றிருந்தேன். கூட வேலை செய்கிற இரண்டு பேர் மறுகோடியில் இருந்தார்கள். ஹேமா படியேறி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற உடையில் இருந்தாள். தரையில் விரித்திருந்த பேப்பரைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நைனா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

நான் பாதிச் சுவரில் இருந்தேன். ரோலரைப் பாதியில் நிறுத்தினால் அந்த இடம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அப்புறம் எத்தனை கோட் அடித்தாலும் கோடு தெரியும். "இரு," என்றேன். முழுச் சுவரையும் முடித்தேன். வேலைக்கு நேரமாகிறது என்று அவள் சொல்லவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். மறுகோடியில் இருந்தவர்கள் இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

கீழே இறங்கி, ரோலரை டப்பாவில் வைத்துவிட்டு, "கேளு," என்றேன்.

"நான் சரணைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். உனக்கு இஷ்டமா?"

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லன்னு சொல்லு. அப்பவும் நான் அவனைத்தான் கட்டிக்குவேன். பொய் சொல்லல. ஆனா நீ இன்னா சொல்றேன்னு உன் வாயால கேட்டுக்கணும். அம்மாகிட்ட இல்ல."

நான் இல்லை என்று சொன்னாலும் நடக்கும் என்கிறாள். என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். எனக்கு வந்த கோபத்தில், அந்த வெள்ளை டப்பாவை எட்டி உதைத்திருப்பேன். ஆனால் அவள் என்னிடம் மறைக்காமல் பேசிய முதல் பேச்சு அது. கையைத் துணியில் துடைத்தேன். மெதுவாகத் துடைத்தேன்.

"சித்தூர்ல அவங்க வீடு எங்க?" என்றேன்.

"கட்டமஞ்சி பக்கம்."

"ஞாயித்துக்கெழம வரேன்னு அவங்க நைனாகிட்ட சொல்லு. முன்னாடியே சொல்லு. காபி, பிஸ்கட்டெல்லாம் வேணாம். சோறு ஆக்கச் சொல்லு. ஓட்டல்ல இல்ல. வீட்ல."

அவள் இந்த ஊரில் வளர்ந்த பெண். புரிந்துகொள்ள ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் செருப்பு இரண்டும் கையிலிருந்து பேப்பர் மேல் விழுந்தன.

"அப்போ கோவம் போயிடுச்சா நைனா?"

"போவல. சோறு துன்றது வேற, கோவம் வேற. அது பாட்டுக்கு இருக்கும்."

"சரி, இருக்கட்டும்."

"நீயும் அம்மாவும் வாங்க. ஆனா அங்க நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. நான் பேசுவேன்."

"இன்னா பேசப் போறே?"

அவள் குரலில் பயம் இருந்தது. இருக்கட்டும் என்று அடுத்த சுவருக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன்.